புது விதை மேலா, பழைய விதை மேலா? ஜோடிப் பாத்திகளும் நடு வித்தியாசமும்

புதிய விதையோ புதிய எருவோ ஒரு கிராமத்திற்கு வரும்போது, அதன் பெருமை பெரும்பாலும் ஒரே ஒரு வயலைக் கொண்டே பரவுகின்றது. கிழக்கு வெளியில் ஒரு நிலச்சுவான்தார் புது விதையை நட்டார்; அவருடைய கண்டுமுதல் முந்தின வருஷத்தைக் காட்டிலும் ஏக்கருக்கு நான்கு மூட்டை அதிகம்; ஆகவே புது விதையே மேல் என்னும் பேச்சு எழுகின்றது. முந்தின வருஷம் மழை தவறிற்று என்பதும், கிழக்கு வெளி மடைவாய்க்கு அண்மையில் உள்ளது என்பதும், அவ்வயலில் முந்தைய போகத்தில் சணப்பு மடக்கி உழப்பட்டது என்பதும் அப்பேச்சில் இடம்பெறுவதில்லை. அடுத்த போகத்தில் இருபது குடும்பத்தார் கைப்பணம் கொடுத்தோ கடன் வாங்கியோ அவ்விதையை வாங்குகின்றனர். மகசூல் குறைந்தால் பழி வானத்தின்மேல் விழுகின்றது. இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே நல்ல விதையொன்று ஒரு களர்த் துண்டில் நடப்பட்டுத் தோற்றுப் போய், அந்த ஊரில் பத்து வருஷம் மறுபடி தலை காட்டாமற் போவதும் உண்டு.

இரண்டு விதைகளை ஒப்பிட வேண்டுமாயின், இரண்டையும் ஒரே நிலத்தில், ஒரே நீரில், ஒரே நாளில், பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தல் வேண்டும். இது அனுபவமுள்ள குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆனால் ஒரு ஜோடிப் பாத்தியைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஒரே விதையை இரண்டு பாத்திகளிலும் விதைத்தாலுங்கூட இரண்டும் ஒரே எடை காண்பதில்லை. ஏதேனும் ஒன்று மிஞ்சியே தீரும். அப்படியாயின் எத்தனை ஜோடிகள் வேண்டும்? பத்து ஜோடிகளில் எட்டு ஒரு பக்கமும் இரண்டு மறு பக்கமும் பேசினால் எதை நம்புவது? இக்கேள்விகளுக்கு விடை காணும் கணக்கு ஒன்று உண்டு. கூட்டலும் எண்களை வரிசைப்படுத்தலும் தெரிந்த எவரும் அதனை ஒரு தாளிலேயே போட்டு முடிக்கலாம்.

டார்வினின் நான்கு தொட்டிகள்

இக்கணக்கை விளக்குவதற்கு மிகவும் ஏற்ற உதாரணம் இங்கிலாந்தில் அக்காலத்தில் கெண்ட் மாகாணத்தைச் சேர்ந்திருந்த டவுன் என்னும் கிராமத்தில் செய்யப்பட்ட ஒரு சிறு பரீக்ஷையாகும். அதனைச் செய்தவர் சார்லஸ் டார்வின். செடிகள் தம் மகரந்தத்தாலேயே கருவுற்றுத் தரும் விதையும், வேறு செடியின் மகரந்தத்தால் கருவுற்றுத் தரும் விதையும் வீரியத்தில் வேறுபடுகின்றனவா என்பதைப் பல வருஷங்கள் ஆராய்ந்து, 1876ஆம் வருஷத்தில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். அதில் பலவகைச் செடிகளைப் பற்றிய அளவுகள் உள்ளன. அவற்றுள் மக்காச்சோளமும் ஒன்று.

டார்வின் கைக்கொண்ட முறை எளிது. இருவகை விதைகளையும் ஈரமணலில் முளைக்கவிட்டு, ஒரே சமயத்தில் முளைத்த அயல் மகரந்த விதை ஒன்றையும் தன் மகரந்த விதை ஒன்றையும் ஒரு ஜோடியாக எடுத்து, பெரிய தொட்டியொன்றின் எதிரெதிர் ஓரங்களில் நட்டார். மண் ஒன்று, நீர் ஒன்று, வயது ஒன்று. இவ்வாறு நான்கு தொட்டிகளில் 15 ஜோடிகள். செடிகள் ஒன்று முதல் இரண்டு அடி உயரம் இருந்தபோது ஒவ்வொன்றையும் அளந்தார். அளவை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை, அதாவது அரைக்கால் அங்குலம் வரை, துல்லியமாகக் குறித்தார். அவர் கண்ட உயரங்கள் வருமாறு. ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் உள்ளது அயல் மகரந்தச் செடி, இரண்டாவது தன் மகரந்தச் செடி. அடைப்புக்குறிக்குள் இருப்பது இரண்டிற்கும் உள்ள வித்தியாசம், அரைக்கால் அங்குலக் கணக்கில்.

முதல் தொட்டி: 23 4/8, 17 3/8 (49), 12, 20 3/8 (எதிர் 67), 21, 20 (8).
இரண்டாம் தொட்டி: 22, 20 (16), 19 1/8, 18 3/8 (6), 21 4/8, 18 5/8 (23).
மூன்றாம் தொட்டி: 22 1/8, 18 5/8 (28), 20 3/8, 15 2/8 (41), 18 2/8, 16 4/8 (14), 21 5/8, 18 (29), 23 2/8, 16 2/8 (56).
நான்காம் தொட்டி: 21, 18 (24), 22 1/8, 12 6/8 (75), 23, 15 4/8 (60), 12, 18 (எதிர் 48).

பதினைந்து ஜோடிகளில் பதின்மூன்றில் அயல் மகரந்தச் செடியே உயரம். இரண்டில் மட்டும் அது தோற்றது. ஆனால் அத்தோல்விகள் சிறியனவல்ல. 12 அங்குலமே வளர்ந்த இரு செடிகள் பிற ஜோடிகளின் வெற்றியிற் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. வயலில் பரீக்ஷை செய்யும் எவரும் இத்தகைய நிலையையே எதிர்கொள்ள நேரும். பத்துப் பாத்தியில் ஒன்றிரண்டு எப்போதும் முரண்டு பிடிக்கும்.

சராசரியும் நடு அளவும்

வித்தியாசங்கள் அனைத்தையும் கூட்டினால் 314 வருகின்றது. அதனை 15ஆல் வகுத்தால் சராசரி வித்தியாசம் ஏறக்குறைய 21 அரைக்கால். அதாவது 2 5/8 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. இது கூட்டிப் பங்கிடும் கணக்கு. இனி அதே பதினைந்து வித்தியாசங்களையும், எதிர்ப்பட்டவற்றை அடியில் வைத்து, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதினால் நட்ட நடுவில், எட்டாவதாக நிற்பது 24. அதாவது 3 அங்குலம். இதுவே இடைநிலை அல்லது நடு அளவு. ஏழு ஜோடிகள் இதற்குக் கீழும் ஏழு ஜோடிகள் இதற்கு மேலும் நிற்கின்றன.

இவ்விரண்டின் குணவேறுபாட்டை அறிய, தோற்ற இரு ஜோடிகளையும் நீக்கிப் பார்த்தால் போதும். மீதமுள்ள பதின்மூன்றின் சராசரி 33 அரைக்காலாக, அதாவது 4 1/8 அங்குலமாக ஏறிவிடுகின்றது. நடு அளவோ 28 அரைக்கால், 3 4/8 அங்குலம். இரண்டு எண்களை மறைத்ததால் சராசரி ஒன்றரை அங்குலம் தாவியது. நடு அளவு அரை அங்குலமே நகர்ந்தது. ஒரு விதைக்குப் புகழ் தேட விரும்புவோர்க்கு இந்த இடத்தில் ஆசை எழும். "அந்தப் பாத்தியில் ஏதோ கோளாறு, அதை விட்டுவிடலாம்" என்னும் ஒரே வாக்கியம் போதும்; விதை ஒன்றரை மடங்கு சிறந்ததாகிவிடும். டார்வின் அவ்வாறு செய்யவில்லை. தம் கொள்கைக்கு மாறான இரு ஜோடிகளையும் அப்படியே அச்சிட்டார். அதனாலேயே அந்தப் பதினைந்து ஜோடிகளும் இன்றுவரை கணக்கர்களால் எடுத்தாளப்படுகின்றன.

நடு அளவைப் பற்றி அடிக்கடி நேரும் பிழையொன்றை இங்கே குறிப்பிடுதல் தகும். அயல் மகரந்தச் செடிகள் பதினைந்தின் நடு உயரம் 21 4/8 அங்குலம். தன் மகரந்தச் செடிகளின் நடு உயரம் 18 அங்குலம். இவற்றின் வித்தியாசம் 3 4/8 அங்குலம். ஆனால் ஜோடி ஜோடியாகக் கழித்து எடுத்த வித்தியாசங்களின் நடு அளவு 3 அங்குலமே. சராசரியில் இந்த இரு வழிகளும் ஒரே விடையைத் தரும். நடு அளவில் தரவேண்டுமென்பதில்லை. ஜோடியாக நடப்பட்ட பயிருக்கு முதலில் ஜோடிக்குள் கழித்துவிட்டு, பிறகு நடு அளவை எடுப்பதே முறை.

வில்காக்ஸனின் வரிசைக் கணக்கு

நடு வித்தியாசம் 3 அங்குலம் என்று கண்டாயிற்று. அது தற்செயலாக வந்திருக்கக் கூடுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு 1945ஆம் வருஷத்தில் எளிய வழியொன்றை வெளியிட்டவர் பிராங்க் வில்காக்ஸன். அவர் கணித ஆசிரியரல்லர், ரசாயன நிபுணர். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து யாங்கர்ஸ் நகரில் இருந்த பாய்ஸ் தாம்ப்ஸன் தாவர ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் பல வருஷங்கள் பூஞ்சாண நோய்களுக்கான தாமிர மருந்துகளை ஆராய்ந்து, பிற்பாடு பூச்சி மருந்துகளும் பூஞ்சாண மருந்துகளும் தயாரிக்கும் தொழிலில் ஈடுபட்டவர். இம்மருந்தா அம்மருந்தா என்று நாள்தோறும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேலை அவருடையது. நீண்ட கணக்குகளுக்குப் பதிலாக விரைவில் முடியும் ஒன்றை அவர் நாடியதில் வியப்பில்லை. அவருடைய கட்டுரை நான்கே பக்கம்.

முறை இதுதான். ஜோடி வித்தியாசங்களை, எந்தப் பக்கம் வென்றது என்பதைச் சற்றே மறந்து, அளவை மட்டும் பார்த்துச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்த வேண்டும். மிகச் சிறியதற்கு 1, அடுத்ததற்கு 2 என்று வரிசை எண் இட வேண்டும். இரண்டு வித்தியாசங்கள் சமமாயிருந்தால் அவற்றிற்குரிய எண்களைக் கூட்டிச் சரிபாதியாகப் பங்கிடலாம். வித்தியாசமே இல்லாத ஜோடியை இக்கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு எதிர்ப்பக்கம் பேசிய ஜோடிகளின் வரிசை எண்களைத் தனியே கூட்ட வேண்டும்.

டார்வினின் மக்காச்சோளத்தில் மிகச் சிறிய வித்தியாசம் 6. அதற்கு வரிசை எண் 1. அடுத்தது 8; அதற்கு 2. இவ்வாறே 14, 16, 23, 24, 28, 29, 41 ஆகியவை 3 முதல் 9 வரை பெறுகின்றன. எதிர்ப்பட்ட 48 பத்தாவது, 49, 56, 60 ஆகியவை 11, 12, 13, எதிர்ப்பட்ட 67 பதினான்காவது, 75 பதினைந்தாவது. எல்லா வரிசை எண்களின் கூட்டுத்தொகை 120. எதிர்ப்பக்கத்தின் பங்கு 10ம் 14ம் சேர்ந்து 24. வென்ற பக்கத்தின் பங்கு 96.

இருவகை விதைகளும் சமமானவையாக இருந்திருந்தால், ஒவ்வொரு ஜோடியிலும் எது வெல்லும் என்பது காசு சுண்டுவது போன்றதே; பூவும் விழலாம், தலையும் விழலாம். அந்நிலையில் இரு பக்கத்தின் பங்கும் 60ஐ ஒட்டி நிற்கும். பதினைந்து காசுகளைச் சுண்டினால் விழக்கூடிய விதங்கள் 32,768. அவற்றுள் ஏதேனும் ஒரு பக்கத்தின் பங்கு 24ஆகவோ அதற்குக் குறைவாகவோ அமையும் விதங்கள் நூற்றுக்கு நாலு என்னும் அளவிலேயே உள்ளன. நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தால், அதாவது பழைய கீழ்வாய்க் கணக்கில் ஒரு மாவுக்குக் குறைந்தால், தற்செயல் என்று தள்ளிவிட இயலாது என்பது ஆராய்ச்சியாளர் வழக்கம். ஆகவே மக்காச்சோளத்தின் 3 அங்குல வித்தியாசம் மெய்யானதென்று கொள்ள இடமுண்டு.

ஒவ்வொரு முறையும் 32,768 விதங்களை எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு வாய்பாடு உண்டு. சிறிய பக்கத்தின் பங்கு, 6 ஜோடிகளுக்கு 0. 8 ஜோடிகளுக்கு 3. 10 ஜோடிகளுக்கு 8. 12 ஜோடிகளுக்கு 13. 15 ஜோடிகளுக்கு 25. இந்த எண்ணோ இதற்குக் குறைவோ வந்தால் நூற்றுக்கு ஐந்து என்னும் வரம்பிற்குள் அடங்கும். ஐந்து ஜோடிகளுக்கு இவ்வாய்பாட்டில் இடமே இல்லை. காரணம் எளிது: ஐந்து காசுகள் 32 விதமாக விழலாம்; ஐந்தும் ஒரே முகமாக விழுவது அவற்றுள் இரண்டு விதம்; இரண்டை 32ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஆறேகால். ஐந்து ஜோடியும் ஒரே குரலில் பேசினாலுங்கூட அது சாட்சியாகாது என்பதை, மூன்று பாத்திகளைக் காட்டி விதை விற்க வருபவரிடம் நினைவூட்டுதல் நலம்.

அதே எண்களுக்கு வேறு கணக்குகளும் போடப்பட்டுள்ளன. ராதம்ஸ்டெட் பண்ணையில் பல வருஷங்கள் பணியாற்றிய ஆர். ஏ. பிஷர், 1935ஆம் வருஷத்தில் வெளியிட்ட பரீக்ஷை முறைகளைப் பற்றிய நூலில் டார்வினின் இப்பதினைந்து ஜோடிகளை எடுத்துக்கொண்டு சராசரியை வைத்துச் சோதித்தார். விடை வரம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது: தேவைப்பட்ட எண் 2.145, கிடைத்தது 2.148. வித்தியாசங்களின் கூட்டுத்தொகையை வைத்து 32,768 விதங்களையும் அவர் எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு ஐந்தேகாலுக்குச் சற்று மேல் வந்தது. இனி, அளவை முற்றிலும் மறந்து, பதினைந்தில் இரண்டு தோல்வி என்பதை மட்டும் கணக்கிட்டால், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான எண் வருகின்றது.

ஒரே பயிருக்கு இத்தனை தீர்ப்புகளா என்று மலைக்க வேண்டியதில்லை. சராசரிக் கணக்கு அந்த இரு பெருந்தோல்விகளையும் முழு எடையோடு தராசில் வைக்கின்றது. வெற்றி தோல்வியை மட்டும் எண்ணும் கணக்கோ, எட்டு அங்குலத் தோல்வியையும் அரை அங்குலத் தோல்வியையும் ஒன்றாகவே பாவிக்கின்றது. ஆகவே இங்கே அது மிகவும் தாராளமாக நடந்துகொள்கின்றது. வரிசைக் கணக்கு இரண்டிற்கும் இடையில் நிற்பது. தோல்வி பெரிது என்பதை அறியும். ஆனால் எவ்வளவு பெரிது என்பதற்காக முழு வயலையும் அதற்கு எழுதிக் கொடுத்துவிடாது. எலி கடித்த பாத்தி, மடை உடைந்த பாத்தி முதலியவை எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும் கிராமத்துப் பரீக்ஷைகளுக்கு இதுவே பெரும்பாலும் பொருந்தும். வித்தியாசங்கள் நடு அளவின் இரு புறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவியிருக்க வேண்டும் என்பது இதன் ஒரே நிபந்தனை. ஒரு புறம் மட்டும் நீண்ட வால் இருப்பின் வெற்றி தோல்வியை எண்ணுவதே நேர்மை. எந்தக் கணக்கைப் போடுவது என்பதை அறுவடைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்த விடையைக் காட்டுதல் நான்கு தராசுகளில் நிறுத்து, கனமாகக் காட்டியதை வைத்து விற்பதற்கு ஒப்பாகும்.

வரிசை மாறினால் வரும் கேடு

டார்வின் தம் அளவுகளை உறவினரும் கணக்கில் வல்லவருமாகிய பிரான்ஸிஸ் கால்டனிடம் காட்டி அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டார். கால்டன் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அயல் மகரந்தச் செடிகளைத் தனியே உயர வரிசையிலும், தன் மகரந்தச் செடிகளைத் தனியே உயர வரிசையிலும் நிறுத்தி, நெட்டைக்கு நெட்டை, குட்டைக்குக் குட்டை என்று எதிரெதிரே வைத்து ஒப்பிட்டார். அவ்வாறு வைத்தால் எல்லாம் மிக ஒழுங்காகத் தோன்றுகின்றது: பதினைந்து வித்தியாசங்களில் பதின்மூன்று 2 6/8 அங்குலத்திற்கும் 3 7/8 அங்குலத்திற்கும் இடையிலேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் ஜோடிகளாக உள்ளபடி பார்த்தால் அதே வித்தியாசங்கள் எதிர்ப்புறம் எட்டு அங்குலம் முதல் நேர்ப்புறம் ஒன்பது அங்குலம் வரை சிதறிக் கிடப்பவை. அந்த ஒழுங்கு தொட்டியில் இல்லை, தாளில் உண்டாக்கப்பட்டது. ஒரே தொட்டியில் வளராத இரு செடிகளைப் பக்கத்தில் வைத்து ஜோடி என்று அழைத்ததால் வந்த மயக்கம் அது. பிஷர் தம் நூலில் இதனைக் கண்டித்து எழுதினார்.

இப்பிழை பழங்கதையாகிவிடவில்லை. கம்ப்யூட்டரில் மகசூல் எண்களை இரண்டு பத்திகளாக எழுதி வைத்தவர், ஒரு பத்தியை மட்டும் தெரிந்தெடுத்து "வரிசைப்படுத்து" என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டால், கால்டன் செய்தது ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடும். எண்கள் எல்லாம் அப்படியே இருக்கும். கூட்டுத்தொகையும் சராசரியும் மாறா. ஜோடிகள் மட்டும் குலைந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. ஆதலால் ஒவ்வொரு வரியிலும் பாத்தியின் எண்ணையும் வயற்காரர் பெயரையும் எழுதி வைப்பதோடு, எடைகளை முதலில் குறித்த தாளையும் பத்திரப்படுத்துதல் அவசியம்.

வில்காக்ஸனின் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் சார்புகள் இக்காலத்துக் கணக்கு நிரல்களில் ஆயத்தமாக உள்ளன. ஆர் என்னும் இலவச நிரலில் அதன் பெயர் வில்காக்ஸ்.டெஸ்ட். இரு பத்தி எண்களைக் கொடுத்தால் விடை வந்துவிடும். ஆயின் இந்தச் சார்புக்கு இவை ஜோடிகள் என்று தனியே சொல்ல வேண்டும். சொல்லாவிடில் இரண்டும் தொடர்பற்ற இரு கூட்டங்கள் என்று அதுவாகவே கொண்டு, வேறொரு கணக்கைப் போட்டுவிடும். டார்வினின் எண்களை அவ்வாறு கொடுத்தால் நூற்றுக்கு நாலு என்பதற்குப் பதிலாக ஆயிரத்திற்கு மூன்று என்னும் அளவில் விடை வருகின்றது. பார்வைக்கு இது கவர்ச்சியாயிருப்பினும் கேட்ட கேள்விக்கு விடையன்று. கம்ப்யூட்டர் கூட்டலில் தவறாது. ஆனால் எந்தச் செடி எந்தத் தொட்டியில் நின்றது என்பது அதற்குத் தெரியாது.

வயலில் செய்யும் முறை

கிராமத்தில் இதனை நடத்த விரும்புவோர் ஒரே நிலத்தில் பத்து ஜோடிகள் அமைக்க முடியாவிட்டால் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு ஜோடி அமைக்கலாம். ஒருவர் வயல் செழிப்பாகவும் மற்றொருவர் வயல் மெலிந்தும் இருப்பதால் கேடில்லை. ஒப்பீடு ஜோடிக்குள்ளேயே நிகழ்கின்றது. ஜோடியின் இரு பாத்திகளும் மடைவாயிலிருந்து கடை வரை பக்கம் பக்கமாக நீள வேண்டும். மேல் பாத்தி ஒன்று, கீழ்ப் பாத்தி ஒன்று என்று பிரித்தால் வண்டலும் நீரும் முதலில் எட்டும் பாத்தியே வெல்லும். அந்த வெற்றி விதையினுடையதாகாது. எந்தப் பக்கத்துப் பாத்திக்குப் புது விதை என்பதை வயற்காரர் தம் விருப்பப்படி தீர்மானிக்கலாகாது. ஒவ்வொரு ஜோடிக்கும் பலர் முன்னிலையில் காசு சுண்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கு முழுவதும் காசு சுண்டுவதையே அடிப்படையாகக் கொண்டது; டார்வினின் தொட்டிகளில் குறைவாயிருந்ததும் இந்த ஒன்றே என்பது பிஷரின் கருத்து.

நாற்று, நடவு நாள், இடைவெளி, களையெடுப்பு, மேலுரம் ஆகிய யாவும் இரு பாத்திக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சோதிக்கப்படும் ஒரு பொருளைத் தவிர வேறெதுவும் மாறலாகாது. அறுவடையில் வரப்போரத்து வரிசைகளையும் இரு பாத்திகளின் நடுவிலுள்ள வரிசைகளையும் நீக்கிவிட்டு, உட்பகுதியைச் சம அளவில் அறுத்து, தனித்தனியே அடித்து, ஒரே நாளில் உலர்த்தி, ஒரே தராசில் நிறுக்க வேண்டும். பயிர் அறுவடைப் பரிசோதனைகளில் கயிறு பிடித்துப் பழகிய கிராம அதிகாரிகளுக்கு இது புதிய வேலையன்று; அவர்கள் உடனிருந்து எடைகளைப் பதிவு செய்வது பரீக்ஷைக்கு மதிப்பளிக்கும்.

மாடு மேய்ந்த ஜோடியையும் மடை உடைந்து அழுகிய ஜோடியையும் என்ன செய்வது என்னும் வினா தவறாமல் எழும். எக்காரணங்களுக்காக ஒரு ஜோடியை நீக்கலாம் என்பதை நடவுக்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். நீக்குவதாயின் எடை போடுவதற்கு முன்பே, ஜோடி முழுவதையும் நீக்க வேண்டும். எடை தெரிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் கோளாறுகள் பெரும்பாலும் தோற்ற பாத்திகளில்தான் காணப்படும்.

வாய்பாட்டின் வரம்பிற்குள் விடை வந்துவிட்டால் புது விதையை வாங்கிவிடலாம் என்று பொருளன்று. தற்செயல் அன்று என்பது மட்டுமே அதனால் தெரிந்தது. செலவுக்குக் கட்டுமா என்பதை நடு வித்தியாசமே சொல்லும். உதாரணமாக, ஒரு எருவிற்கு ஏக்கருக்கு ஆகும் செலவு 60 கிலோ நெல்லின் விலைக்குச் சமம் என்றும், பத்து ஜோடிகளின் நடு வித்தியாசம் ஏக்கருக்கு 40 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், பத்து ஜோடியும் எருவின் பக்கமே பேசியிருந்தாலும் பாதிக்கு மேற்பட்டவர் கைநஷ்டப்படுவர். ஆகையால் எரு இட்ட பாத்தியின் எடையிலிருந்து அதன் செலவிற்குரிய நெல்லை முதலிலேயே கழித்துவிட்டு, மீதத்தைக் கொண்டு ஜோடி வித்தியாசம் காண்பது உத்தமம். அப்போது வரிசைக் கணக்கு பயிரை மட்டுமன்றிப் பணத்தையும் சோதித்துவிடும். மக்காச்சோளத்தில் இது முக்கியமானது. வீரிய ஒட்டு விதையின் விளைச்சலிலிருந்து விதை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் வீரியம் குன்றும். ஒவ்வொரு போகமும் புதிதாக விதை வாங்க நேருவதால் அச்செலவு ஒரு தடவையோடு முடிவதில்லை.

சிறிய பக்கத்தின் பங்கு வரம்பைத் தாண்டி நின்றுவிட்டால், இரு விதைகளும் சமம் என்று தீர்ந்துவிடவில்லை; இந்தப் பத்து ஜோடிகளால் தீர்க்க முடியவில்லை என்பதே பொருள். அடுத்த போகத்தில் மறுபடியும் செய்யலாம். அப்போது எத்தனை ஜோடி என்பதை முன்னரே நிர்ணயித்து, அத்தனையையும் அறுத்து முடித்த பிறகே கணக்குப் போட வேண்டும். பத்தில் கிடைக்கவில்லை, இன்னும் இரண்டு சேர்ப்போம், அதிலும் கிடைக்கவில்லை, இன்னும் இரண்டு என்று விடை வரும்வரை பாத்திகளை நீட்டிக்கொண்டே போனால், ஒரே விதையை இரு பைகளில் கட்டிக் கொடுத்தாலுங்கூட ஏதேனும் ஒரு நாள் ஒன்று மற்றொன்றை வென்றதாகக் கணக்குக் காட்டும்.